காற்றாடியை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

நல்ல கொழுந்து வாடும்போது பழக்கூடையைத் திறந்து வைத்தாற்போல ஒரு வாசம் வரும். அதே கொழுந்து காற்றில்லாமல் குவிந்து கிடந்து கெட்டுப்போனால், வெந்த கீரையை மூடிவைத்து மறந்துவிட்டு மறுநாள் திறந்தால் வருமே, அப்படி ஒரு புளித்த வாடை, மூக்கில் நிற்காமல் நேரே தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களிலேயே நிறையப் பேருக்கு இந்த இரண்டாவது வாடை தெரிந்திருக்காது, ஏனென்றால் எந்தத் தோட்டத்திலும் அதை வரவிட மாட்டார்கள். எனக்குத் தெரியும். எண்பதுகளில் ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மேனேஜரான எங்கள் பெரிய துரையின் பங்களாவில் கம்ப்யூட்டருக்குப் புது "சிஸ்டம்" ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் அந்த வாடை வந்தது. கம்ப்யூட்டருக்கும் கொழுந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, வாயால் சொல்ல வந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறேன், அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிறகு மூச்சு வாங்க மேலே ஏற வேண்டிய தோட்டம். அப்பா "ஸ்டோர்" என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் இஞ்சின்காரராக இருந்தார். மலையிலிருந்து வரும் ஓடையை மறித்துக் குழாய் வழியாகக் கீழே இறக்கி, அந்தத் தண்ணீரின் வேகத்தில் சுற்றும் மெஷின் ஒன்றுதான் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் கரண்ட் கொடுத்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கிடையாது. லயத்தில் எங்கள் அறையான காம்பிராவில் மண்ணெண்ணெய் விளக்கு எரிய, அப்பா மட்டும் வாசலில் நின்று குன்றின் மேல் தெரியும் பங்களா வெளிச்சத்தைப் பார்த்து, "அங்க எரியிறது நம்ம கையால எரியிறது" என்பார். அந்த ஒரு பெருமை அவருக்கு இருந்தது, மற்றபடி பெருமைப்பட அந்த மனிதரிடம் ஒன்றும் இல்லை.

அஞ்சாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பங்களாவில் அப்புவுக்குக் கையாளாக விட்டார்கள். அப்பு என்றால் பங்களாவின் சமையல்காரர். கிழவர், எங்கள் லயத்து ஆள்தான், ஆனால் வெள்ளைச் சட்டை போட்டபிறகு லயத்துக்காரர்களிடம் கொஞ்சம் தூரமாகவே நிற்பார். நான் யாரோடும் பேசமாட்டேன். சுவரோடு சுவராக நடப்பேன். துரைசாணியை "நோனா" என்றுதான் கூப்பிட வேண்டும், அதைக்கூட நான் வாய்க்குள்ளேயே கூப்பிடுவேன், நோனாவுக்குக் கேட்காது.

கம்ப்யூட்டர் துரையின் எழுத்து அறையில் இருந்தது. வெளிநாட்டில் வேலை செய்த நோனாவின் தம்பி முந்தின வருஷம் வாங்கிக் கொடுத்தது. டீவிப் பெட்டி மாதிரி ஒரு முகம், அதன் கீழே தட்டையாக ஒரு தகரப் பெட்டி, அதன் முன்னால் டைப் மெஷினின் எழுத்துக்களை மட்டும் பிய்த்து வைத்தாற்போல ஒரு பலகை. நோனா அதற்குப் பூப்பின்னல் போட்ட ஒரு மூடுதுணி தைத்திருந்தார். அந்தத் துணியைத் தூசி தட்டுவது என் வேலை, பெட்டியைத் தொடக்கூடாது. துரை துணியை எடுத்துவிட்டு முடுக்கினால் அது உறுமும், கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்துகள் ஓடும், துரை அதன் முன்னால் சாமி கும்பிட உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். மற்றத் தோட்டத்துத் துரைமார் யாரிடமும் அப்படி ஒன்று இல்லையாம், கிளப்பில் அதைப் பற்றித்தான் பேச்சாம். அப்பு சொல்லித்தான் தெரியும்.

ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவதற்கு நீளநீளமான தொட்டிகள் இருக்கும். அடியில் கம்பி வலை, வலைக்கு மேல் ஒரு முழத்துக்குக் கொழுந்தைப் பரப்பி, பக்கத்தில் இருக்கும் பெரிய காற்றாடியைப் போட்டால் காற்று வலைக்குக் கீழே ஓடி மேலே வரும். அந்தக் காற்றாடிகள் சுற்றத் தொடங்கும் போதெல்லாம் பங்களாவில் விளக்கு ஒரு நிமிஷம் மங்கும். உடனே அப்பு என்னைப் பார்த்து, "உங்கப்பா மூச்சு வாங்குறாரு பாரு புள்ள" என்பார். ஓடையில் தண்ணீர் குறைந்த காலத்தில் அந்த மங்கல் போகவே போகாது.

அந்தச் சித்திரையில் அப்படித்தான் இருந்தது. மூன்று மாத வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்து, செடியெல்லாம் ஒரே நாளில் கண்விழித்தாற்போலத் தளிர்த்துவிட்டது, ஆனால் ஓடையில் தண்ணீர் ஏறவில்லை. கொழுந்து முற்றிப்போகும் என்று ஞாயிற்றுக்கிழமையும் "கைக்காசு"க்கு மலையேறச் சொன்னார்கள். கைக்காசு என்றால் லீவு நாளில் எடுக்கும் கொழுந்துக்கு அன்றைக்கே கையில் கொடுக்கும் கூலி. அம்மாவும் போயிருந்தாள். பகலுக்கெல்லாம் மழையில் நனைந்த கொழுந்து கூடை கூடையாக ஸ்டோருக்கு வந்து தொட்டிகள் நிரம்பின. பரப்பிவிட்டு, கைக்காசைச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஹட்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்பா தனி.

பங்களாவில் காலையிலேயே நோனாவின் தம்பி வந்து இறங்கியிருந்தார். கையில் ஒரு டப்பா நிறையக் கறுப்புத் தட்டுகள், ஒவ்வொன்றும் காகித உறைக்குள், வளைத்தால் வளையும் போல மெல்லிசாக. நான் தேநீர் கொண்டுபோனபோது அவர் சிரித்தார், நல்ல மனிதர், உடைந்த தமிழில், "பாப்பா, இதுக்குள்ள பழைய மூளை இருக்கு. அத எடுத்துட்டுப் புது மூளை வைக்கப் போறோம்" என்றார். நான் குசினிக்கு ஓடிவந்து அப்புவிடம் சொன்னேன். அப்பு வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "வச்சது போக மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் வைக்கச் சொல்லு. நேத்து சூப்புல உப்பு இல்லன்னு நோனா அதைத்தான் சொன்னாங்க, மூளை இல்லியான்னு" என்றார். நான் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அவ்வளவுதான்.

தட்டுகளை ஒவ்வொன்றாக அந்தத் தகரப் பெட்டியின் வாயில் செருக வேண்டும். அது கரகரவென்று மென்று முடித்ததும், அடுத்ததைக் கொடு என்று முகத்தில் எழுதிக் கேட்கும். பாதித் தட்டுகள் உள்ளே போயிருக்கும், அப்போதுதான் கீழே அப்பா காற்றாடிகளைப் போட்டார். விளக்கு மங்கியது. கம்ப்யூட்டரின் முகம் சுருங்கி, நடுங்கி, ஒரு புள்ளியாகி அணைந்தது. நோனாவின் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு, பழையதும் போய்விட்டது, புதியதும் ஏறவில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னொரு தடவை இப்படி அணைந்தால் பெட்டியே உதவாமல் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. துரையின் முகம் கறுத்துப்போயிற்று. எழுந்து போய்ச் சுவரில் இருந்த போனைச் சுற்றினார்.

"யாரு, முத்தையாவா? டீமேக்கர் எங்க? சரி. காத்தாடி எல்லாத்தையும் நிப்பாட்டு. நான் சொல்ற வரைக்கும் போடக்கூடாது. வெளங்குதா?"

நான் தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். அப்பாவிடம் அவர் சொன்ன இந்த வார்த்தைகளை என் காதால் கேட்டேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்கு விளங்காது. ஸ்டோரிலிருந்து பங்களாவுக்குப் போன் சுற்ற டீமேக்கர் ஐயாவுக்கு மட்டும்தான் உரிமை. மணி அடித்தால் தொழிலாளி எடுக்கலாம், அவனாகச் சுற்றக்கூடாது. துரை வாயால் நிறுத்தியது துரை வாயால்தான் மறுபடி ஓட வேண்டும். எழுதி ஒட்டிய சட்டம் இல்லை இது, ஆனால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு எழுதி ஒட்டத் தேவையும் இல்லை. ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டால் என்ன என்று இப்போது நீங்கள் கேட்கலாம். அப்பாவின் கை அதற்கு எழும்பாது. எழும்பாத மாதிரித்தான் அவரை வளர்த்திருந்தார்கள், அவருடைய அப்பனையும் அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாடு மேசையில் ஆறிப்போனது. இரண்டு பேரும் எழுந்து வரவில்லை. ஒரு தட்டு பழுதாம், பெட்டி அதை மெல்லாமல் மெல்லாமல் துப்பியது, மறுபடி முதலிலிருந்து. அப்போது குசினிப் பின்வாசலில் நிழல் தட்டியது. அப்பா நின்றிருந்தார். சட்டையெல்லாம் வேர்த்து, தலையில் இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது.

"அப்பு, கொழுந்து சூடேறுதுங்க. ஈரக் கொழுந்து. தொட்டிக்குள்ள கைய விட்டா சோத்துப் பானைக்குள்ள விட்ட மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"உள்ள யாரும் வரக்கூடாதுன்னு உத்தரவு முத்தையா. சோறு ஆறுதுன்னு சொல்லப் போயே வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அப்ப நான் முன்வாசல்ல போயி நிக்கட்டுமா?"

"நின்னு பாரு, நாளைக்கு ஒம் பேரு செக்ரோல்ல இருக்காது. இரு, நானே போறேன்."

அப்பு சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போனார். போன வேகத்தில் திரும்பினார். "'பொறு'ன்னாங்க."

"எம்புட்டு நேரங்க?"

"அதையும் கேக்குற தைரியத்தோட எங்கப்பன் என்னையப் பெக்கலியே."

அப்பா இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தாள், இடுப்பில் கொழுந்துச் சாக்கைக்கூட அவிழ்க்காமல். அப்பா கூப்பிட்டு, அவளும் தொட்டியில் இறங்கிக் கொழுந்தைக் கையால் அள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தாளாம். ஒரு தொட்டியைப் புரட்டி முடிக்குமுன் அடுத்தது வெந்துவிடுகிறதாம். "அடியே லெச்சுமி, நீயாவது கேளு. தேத்தண்ணி கொண்டுபோற சாக்குல கேளு" என்றாள்.

நான் துரையிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. தேநீரை வைத்துவிட்டு நின்றேன். "தொரை, அப்பா கேக்குறாங்க. காத்தாடிய போடலாமான்னு" என்றேன். சொல்லிவிட்டேன், சத்தமாகவே சொன்னேன். துரை திரும்பவில்லை. கடைசியாக இருந்த ஒரு கறுப்புத் தட்டை விரலிடுக்கில் தூக்கிக் காட்டி, "இன்னும் ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்றார். கோபமாகக்கூட இல்லை. நான் அம்மாவிடம் வந்து இன்னும் ஒன்றுதானாம் என்று சொன்னேன். அம்மா முகம் கொஞ்சம் தெளிந்து ஓடினாள்.

அந்த ஒன்றையும் பெட்டி மென்று முடித்தது. "கிக்" என்று ஒரு சத்தம். உள்ளே இரண்டு பேரும் கைதட்டினார்கள், நோனாவும் போய்ப் பார்த்தார், காலிக் கோப்பை எடுக்கிற மாதிரி நானும் எட்டிப் பார்த்தேன். அந்தப் புது மூளை எப்படி இருக்கும் என்று எனக்கும் ஆசைதான். அதே கறுப்பு முகம். அதே வெள்ளை எழுத்து. மூலையில் நின்று கண்சிமிட்டும் அதே சின்னக் கோடு. எங்கே மாறியிருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நோனாவுக்கும் தெரியவில்லை போல, "இவ்வளவுதானா?" என்று தம்பியைக் கேட்டார். அவர் சிரித்தார்.

பிறகு வராந்தாவில் நாற்காலி போட்டு பியர் போத்தலைத் திறந்தார்கள். போனை யாரும் தொடவில்லை. நான் அப்புவைப் பார்த்தேன். "தொரைக்குத் தெரியாதா? அவங்களே அடிப்பாங்க" என்றார் அப்பு, ஆனால் அவரும் வராந்தாப் பக்கம் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு முறை பொரித்த கடலை கொண்டுபோகிற சாக்கில் போய் நின்றார். பேச்சில் இடம் கிடைக்கவில்லை, திரும்பிவிட்டார். இருட்டத் தொடங்கி விளக்குப் போட்டபோது நோனாதான் சொன்னார், "இன்னைக்கு லைட் எவ்வளவு நல்லா எரியுது."

துரை நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் போத்தல் உருண்டது. போனைச் சுற்றினார், சுற்றினார், யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? போன் இருப்பது கீழே இஞ்சின் அறையில், அப்பாவும் அம்மாவும் மேல்மாடியில் கொழுந்துக்குள் கிடந்தார்கள். "போய்ப் பாரு அப்பு" என்றார் துரை. என் வேலையும் முடிந்திருந்ததால் அப்புவோடு நானும் இறங்கினேன். ஸ்டோர் கண்ணில் படுமுன்பே பாதையில் வந்துவிட்டது அந்த வாடை. அப்பு நின்றுவிட்டார். "அட கடவுளே" என்று மட்டும் சொன்னார்.

தொட்டிகளில் கொழுந்து செம்பு நிறத்தில் கிடந்தது. ஒரு தொட்டியின் ஓரத்தில் அம்மா இன்னமும் புரட்டிக்கொண்டிருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. அப்பா மாடிப்படியில் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. கை இரண்டும் முழங்கை வரைக்கும் சாறு பிடித்துக் கறுத்திருந்தது. அப்பு படிக்குக் கீழேயே நின்று, "முத்தையா, தொரை போடச் சொல்லிட்டாங்க" என்றார். அப்பா எழுந்து போய்க் காற்றாடியைப் போட்டார். கெட்டுப்போன கொழுந்துக்கு நல்ல காற்று வீசியது.

மறுநாள் பெரட்டில் விசாரணை. அத்தனை பேர் பறித்த கொழுந்தும் குப்பைக்குப் போனது, மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? துரை, "வேலை முடிஞ்சதும் போன் அடிச்சேன். எடுக்க ஆளில்ல" என்றார். முடிந்ததற்கும் அடித்ததற்கும் நடுவில் ஒரு சாயங்காலமே போயிருந்தது, அதை அவர் சொல்லவில்லை. மறைத்தாரோ, அவர் கணக்கில் அது பெரிதாகப் படவில்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்புவைக் கேட்டார்கள். அப்பு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் போனப்போ படியில தலையக் கவுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாருங்க" என்றார். அதுவும் பொய்யில்லை. அந்த இரண்டையும் சேர்த்து, "தூங்கிட்டான்" என்று துரை முடித்தார்.

தொழிற்சங்கத்துத் தலைவர் எங்கள் காம்பிராவுக்கு வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள்; பொண்டாட்டி சாட்சி எடுபடாது என்றார் அவர். நான் சொன்னேன், துரை போனில் பேசியதை, நான் போய்க் கேட்டதை, தட்டைத் தூக்கிக் காட்டியதை எல்லாம் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ அவரு மக, அதுலயும் சின்னப்புள்ள. பங்களாவுல என்னமோ பொட்டிக்குத் தட்டு போட்டாங்கன்னு சொன்னா விசாரணையில சிரிப்பாங்கம்மா" என்றார். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, லயத்தில் யாருக்கும் தெரியாது. இஞ்சின்காரன் தூங்கிவிட்டான் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவை வேலையை விட்டுத் துரத்தவில்லை. இஞ்சினிலிருந்து எடுத்து, மலையில் தண்ணீர் வடியும் கான் வெட்டப் போட்டார்கள். என்னையும் பங்களாவுக்கு வரவேண்டாம் என்றார்கள். கொழுந்து கெட்டதால் அன்றைய கைக்காசு போனது என்று பெண்கள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால், "ஏய், சத்தம் போடாதீங்கடி, இஞ்சின்காரரு எந்திரிச்சிருவாரு" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். கேலிதான், அடிதடியில்லை. ஆனால் அப்பா அதற்குப் பிறகு வாசலில் நின்று பங்களா வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை. ராத்திரி எந்த நேரம் நான் புரண்டு படுத்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தூங்கினார் என்று பெயர் வாங்கிய மனிதர் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. ஒரு வருஷம் தாங்கிவிட்டு, பொகவந்தலாவைப் பக்கம் அம்மாவின் அண்ணன் இருந்த தோட்டத்துக்கு வந்தோம். அங்கேயும் மண்வெட்டிதான். இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டால் சுற்றிப்போகிற பாதையில் போவார். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நானும் சேமலாபப் பணம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட கிழவி. என் மகள் போனைச் சார்ஜில் போட்டு, "அப்டேட் ஆவுது, தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு உடனே கண் மேலே மின்குமிழுக்குப் போகும், மங்குகிறதா என்று. மங்காது. அது பாட்டுக்கு நடந்து முடிந்துவிடும்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகப் பழைய தோட்டத்துக்குப் போனேன். ஸ்டோர் இல்லை. கூரைத் தகரத்தையும் தொட்டிப் பலகையையும் விற்றுவிட்டார்களாம், நான்கு சுவரும் நடுவில் கருவேப்பிலை மரமும் நிற்கின்றன. ஓடையை மறித்த கட்டு உடைந்து தண்ணீர் அதன் இஷ்டத்துக்குப் போகிறது. பங்களா வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலாகிவிட்டது. துரை எந்த நாட்டில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. அப்பு இல்லை, டீமேக்கர் ஐயா இல்லை, தலைவர் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை யார் எந்தக் குப்பையில் போட்டார்களோ.

பந்தலில் அம்மாவோடு கொழுந்தெடுத்த செங்கமலம் அக்கா ஒருத்திதான் மிச்சம். கண் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நீ லெச்சுமிதானே? அந்தத் தூங்கிப்போன இஞ்சின்காரரு மக?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கோயிலடி வீட்டுக்காரர் மகள் என்று சொல்கிற மாதிரி அடையாளத்துக்குச் சொன்னாள்.

"அப்பா தூங்கலக்கா" என்றேன்.

மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "நல்ல மனுசன் பாவம். ராப்பகலா நின்ன ஒடம்பு, அசதியில கண்ணு சொருகிருச்சு. தூங்குனா என்ன, மனுசன்தானே? அதுக்குப் போயி அந்தத் தொர இப்பிடிப் பண்ணிட்டானே" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷத்தில் அப்பாவுக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அழுகிறவளிடம் என்ன சொல்வது? ஆமாக்கா என்றேன்.